குழந்தைகள் வார்டில் இரவு தங்குபவர்களைப் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறையின் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் முதல்வர்களுக்கும், குழந்தைகள் நலப் பிரிவுகளின் தலைவர்களுக்கும்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். நோயுற்ற சிறு குழந்தையோடு இரவு முழுவதும் தங்கியிருக்கும் தாயும் தந்தையும் பாட்டியும் நம் வார்டுகளில் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள் உட்காரவும் சற்றுத் தலைசாய்க்கவும் குழந்தையின் கட்டிலருகே வசதி வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு இரவிலும் அவர்களுக்குத் திறக்க வேண்டும். இரவில் அவர்கள் கண்டதை மறுநாள் காலையில் மருத்துவர் அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். இவற்றைத் துறையின் உத்தரவாக எல்லா மருத்துவமனைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பார்வையாளர் நேரம் முடிந்து, செக்யூரிட்டி கம்பிக் கதவை இழுத்துச் சாத்திய பிறகு வார்டில் எஞ்சியிருப்பவர்கள் யார் என்று பாருங்கள். ஒரு செவிலியர் இருப்பார். கூட்டம் மிகுந்த நாட்களில் இருவர் இருக்கலாம். டியூட்டி டாக்டர் வார்டுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் மாறிமாறி ஓடிக்கொண்டிருப்பார். மருத்துவக் கல்லூரியோடு இணைந்த போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அந்த அளவு இரவில் நிறைவேறிய பொது வார்டு எதிலும் நான் வேலை பார்த்ததில்லை. மழைக்காலக் காய்ச்சல் தொடங்கிவிட்டால் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள், நடைபாதையில் பாய் என்று வார்டே வேறு உருவம் கொள்ளும். அந்த நேரத்தில் மருத்துவர் எழுதிய சிகிச்சையில் பாதியை நடத்துவது குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்தான்.

வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கரைசலை வேகமாகக் கொடுத்தால் குழந்தை வாந்தி எடுத்துவிடும்; எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடியும் முன்னிலும் மெதுவாக, ஒவ்வொரு ஸ்பூனாகத் தொடங்க வேண்டும். இரவு பதினொன்றிலிருந்து விடியற்காலை நான்கு வரை மடியில் குழந்தையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, எத்தனை ஸ்பூன் உள்ளே போயிற்று, எத்தனை முறை ஈரமாக்கினான் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பது எந்தச் செவிலியராலும் ஒரே நேரத்தில் இருபது குழந்தைகளுக்குச் செய்ய முடியாத காரியம். எடை குறைந்த பச்சிளங்குழந்தைக்குப் பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதும் அப்படியே. வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக் குழாய்) போட்ட கையை அட்டையோடு கட்டி வைத்திருந்தாலும் தூக்கத்தில் குழந்தை அதை இழுத்துவிடும். இழுத்தால் மறுபடியும் ஊசி. மெலிந்த குழந்தைக்கு மறுபடியும் நரம்பு தேட வேண்டும். அதைத் தடுக்க விடிய விடிய அந்தச் சின்ன மணிக்கட்டைத் தன் இரண்டு விரல்களால் பிடித்தபடி, சுவரில் தலையை முட்டுக்கொடுத்துத் தூங்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். தூங்கியபின்னும் அந்தப் பிடி தளர்வதில்லை. இருமலும் இழுப்பும் உள்ள பிள்ளைக்கு நெபுலைசர் வைக்கும்போது தாயின் மடியில் இருந்தால் மாஸ்க் முகத்தில் நிற்கும். கட்டிலில் தனியாகப் படுக்க வைத்தால் அலறலில் பாதி மருந்து காற்றோடு போய்விடும்.

இவ்வளவும் செய்பவருக்கு நாம் கொடுத்திருப்பது கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவிலுள்ள இரண்டடித் தரை. பல வார்டுகளில் ஸ்டூல்கூடக் கிடையாது. இருந்தாலும் ரவுண்ட்ஸ் வருகிறது என்று தூக்கி ஓரத்தில் அடுக்கிவிடுவோம். பாயை விரித்துப் படுத்தால் இரவில் தரை துடைக்க வருபவர் எழுப்புவார். பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டுத்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும். அந்தக் கழிப்பறையும் பெரும்பாலும் நடைபாதையின் மறுகோடியில், விளக்கு எரிந்தும் எரியாமலும் இருக்கும். அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத தாய்மார்களும் இந்தத் தரையில்தான் உட்கார்ந்து எழுகிறார்கள். தையல் போட்ட வயிற்றோடு தரையிலிருந்து எழுந்திருப்பது எப்படிப்பட்டது என்பதை, இதைப் படிக்கும் அலுவலர்களில் பிள்ளை பெற்றவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவர்கள் கைக்கு உதவியாக மட்டும் இருந்திருந்தால் இந்த மடலை நாற்காலியோடு முடித்திருப்பேன். அவர்கள் வார்டின் கண்களும் ஆவார்கள். டெங்குவில் காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல் சூடு இறங்கும்போதுதான் ஆபத்தான கட்டம் வருகிறது. அது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும் என்பதும், ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து ரத்த ஓட்டம் குன்றிக் குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும் என்பதும் நீங்கள் அறியாததல்ல. சார்ட்டில் பார்த்தால் வெப்பநிலை சீராகியிருக்கும், குழந்தை அமைதியாகப் படுத்திருக்கும், களைத்துப்போன ஒரு செவிலியருக்கு அது நல்ல செய்தியாகவே தோன்றும். ஒரு விடியற்காலையில் நான்கு வயதுப் பையனின் தாய் என் மேசைக்கு வந்து, "காய்ச்சல் விட்டிருச்சு சிஸ்டர். ஆனா பாதம் ஜில்லுனு இருக்கு, ராத்திரி பூரா ஒண்ணுக்கே போகலை, கூப்பிட்டா என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கிறான்" என்றார். இரண்டே வாக்கியங்கள். புத்தகத்தில் எச்சரிக்கை அறிகுறிகள் என்று நாங்கள் படித்ததில் முக்கியமான சில அவற்றில் இருந்தன. நாடியழுத்த இடைவெளி (ரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள வித்தியாசம்) குறைந்திருந்தது, டியூட்டி டாக்டர் வந்து திரவத்தை ஏற்றினார், பையன் பிழைத்தான். அந்தத் தாய் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவர் அல்லர். ஆனால் அந்தப் பையன் எப்படித் தூங்குவான், எப்படி முகம் பார்ப்பான் என்பது அந்த வார்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இப்போது காலை ரவுண்ட்ஸுக்கு வருகிறேன். பேராசிரியர் வருவதற்குச் சற்று முன்பாகவே, "அட்டெண்டர் எல்லாம் வெளியே போங்க" என்ற குரல் கேட்கும். இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் கூடையையும் ஃபிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போவார்கள். உள்ளே மருத்துவர் கேட்பார்: இரவு எப்படி இருந்தது? பதில் சொல்ல வேண்டிய பி.ஜி. மாணவர், அதாவது மேற்படிப்புப் படிக்கும் மருத்துவர், இரவில் வேறு இடத்தில் இருந்திருப்பார். செவிலியர் ஷிஃப்ட் மாறிப் போயிருப்பார். கேஸ் ஷீட்டில் வெப்பநிலையும் நாடியும் கொடுத்த மருந்தும் இருக்கும். பின்னிரவில் குழந்தை மூச்சு விடும்போது விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுத்தது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்பது இருக்காது. அதைப் பார்த்த ஒரே ஆள் கம்பிக் கதவுக்கு வெளியே நிற்கிறார். நம் மருத்துவமனைகளின் நடைமுறைகளில் எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று உண்டென்றால் அது இதுதான். சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு விசாரணை நடத்துகிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2012-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், குழந்தையின் படுக்கையருகே குடும்பத்தினர் இருக்கும்போதே ரவுண்ட்ஸ் நடத்துவதை வழக்கமாகக் கொள்ளும்படி சொல்லியிருக்கிறது. இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு கட்டிலுக்கு ஒருவர் இருக்கலாம், மற்றவர்கள் வெளியே நிற்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.

பெற்றோரை வார்டில் இருக்க விடுவது என்பது உலகெங்கும் இயல்பாக வந்துவிடவில்லை. இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்துக்கு ஒருமுறை சில மணி நேரம் மட்டுமே பிள்ளையைப் பார்க்க முடியும். அம்மா வந்து போனால் குழந்தை அழுகிறது, ஆகவே வராமலிருப்பதே நல்லது என்று அங்கே மருத்துவர்களும் செவிலியர்களும் மனமார நம்பினார்கள். நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் அதற்கு மாறாகத் தாய்மார்களைக் கைக்குழந்தைகளோடு மருத்துவமனையிலேயே தங்க வைத்தார். அறுவைச் சிகிச்சை நிபுணரான ஹாரி பிளாட் தலைமையில் அரசு அமைத்த குழு 1959-இல் அளித்த அறிக்கை, பெற்றோர் எந்த நேரத்திலும் வரலாம் என்று இருக்க வேண்டும், சிறு குழந்தைகளின் தாய்மார் உடன் தங்க வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரியில் தூங்குவதைப் பார்த்த தாய்மார்கள் 1961-இல் தாங்களே ஓர் அமைப்பைத் தொடங்கி, மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேட்டு, பல ஆண்டுகளில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் கதை வேறு. பொது வார்டிலிருந்து தாயை நாம் இரவில் ஒருபோதும் வெளியேற்றியதில்லை. வெளியேற்றினால் வார்டு நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே போராடிப் பெற்ற ஒன்று இங்கே கேட்காமலே கிடைத்திருக்கிறது. ஆனால் கிடைத்த விதத்தில்தான் கோளாறு. அவரை நம்பித்தான் இரவை ஓட்டுகிறோம், அவரையே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கூட்டமாகவும் நடத்துகிறோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நிலைமை இன்னும் கடினம். அங்கே கதவு மூடியே இருக்கும். காலையில் சில நிமிடம், மாலையில் சில நிமிடம், கண்ணாடி வழியாகவோ கட்டிலின் காலருகே நின்றோ பார்த்துவிட்டு வர வேண்டும். என் தங்கையின் பேத்தி இரண்டு வயதில் நிமோனியாவோடு ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் இருந்தபோது, அவள் தாய் அந்தக் கதவுக்கு வெளியே இரவெல்லாம் செருப்பு வரிசையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் கூட இருந்தேன். உள்ளே ஏதேனும் ஒரு குழந்தை அழும்போதெல்லாம் அது தன் குழந்தையா என்று அவள் எழுந்து நிற்பாள். கதவைத் தட்டினால் திட்டு விழும் என்பதால் தட்டமாட்டாள். காலையில் உள்ளே போனபோது குழந்தையின் இரண்டு கைகளும் கட்டிலின் கம்பியோடு துணியால் கட்டப்பட்டிருந்தன. குழாயைப் பிடுங்குகிறாள், கட்டாமல் என்ன செய்வது என்று பணியிலிருந்த பெண் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார ஒருவர் இரவு முழுதும் கதவுக்கு வெளியே தயாராக இருந்தார் என்பதும் உண்மை.

கிருமித் தொற்றைக் காரணம் காட்டுவீர்கள். எங்கள் காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்களும் அப்படித்தான் பெற்றோருக்குச் சொன்னோம். அதன் பிறகு சான்றுகள் வெகுதூரம் நகர்ந்துவிட்டன. 2021-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனே தாயின் மார்போடு சேர்த்துத் தோலோடு தோலாக வைத்துப் பராமரித்தார்கள். இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. தாயின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போட்டால்தான் இது நடக்கும் என்பதால் அப்படியே போட்டார்கள். 28 நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் வழக்கமான பராமரிப்பில் 15.7 சதவீதம், தாயோடு வைத்த குழுவில் 12 சதவீதம். தொற்று கூடிவிடவில்லை, குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. கை கழுவக் கற்றுக்கொண்ட தாய் ஒரே குழந்தையைத் தொடுகிறார். நாங்கள் ஒரு குழந்தையிலிருந்து இன்னொரு குழந்தைக்கு, அங்கிருந்து மூன்றாவதற்குப் போகிறோம். கிருமியைச் சுமக்க அதிக வாய்ப்பு யாருக்கு என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

நம் அரசுக்கும் இது புதிதல்ல. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் அனுபவத்தை வைத்து, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் குடும்பத்தினரையும் சேர்த்துக்கொள்வதற்கான வழிகாட்டு நெறிகளை ஒன்றிய அரசு 2017-இல் வெளியிட்டது. அரசு மருத்துவமனைகளைக் குழந்தைகளுக்கு உகந்தவையாக மாற்றுவதற்கான முஸ்கான் திட்டம் 2021-இல் வந்தது. தாய்மார்களுக்குக் கை கழுவும் முறையைக் கற்றுக்கொடுத்து, கவுன் கொடுத்து, உள்ளே அழைத்துப்போகும் பிரிவுகள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. ஆனால் இந்த நெறிகள் நடைமுறையில் உள்ளனவா என்று பார்க்கும் ஆய்வுக்குழு வருவது பகலில். ஆகவே இந்த நெறிகள் விழித்திருப்பதும் பகலில்தான். இரவுப் பணியில் ஆள் குறைவு, தாயைக் கவனித்து வழிகாட்ட யாருமில்லை என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆள் குறைந்த இரவில்தான் தாய் கூடுதலாகத் தேவைப்படுகிறார் என்பது என் அனுபவம். பச்சிளங்குழந்தைப் பருவத்தைத் தாண்டிய பிள்ளைகளின் ஐ.சி.யூ.வுக்கும் இதே நெறியை நீட்டிப்பதற்கு எந்தத் தடையும் எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதத்திலிருந்து நான்கைந்து வயதுவரையிலான குழந்தைகள்தான் தாயைப் பிரிந்தால் அதிகம் தவிப்பவர்கள். அம்மா வெளியே இருக்கிறாள், காலையில் வந்துவிடுவாள் என்று சொன்னால் விளங்கிக்கொள்ளும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

நடைமுறைச் சிக்கல்கள் சில உண்மையானவை. அவற்றை மழுப்ப விரும்பவில்லை. குழந்தை திருட்டு நடந்திருக்கிறது. பாஸ் முறை அதனால்தான் வந்தது, அது வேண்டும். ஆண்களை இரவில் வார்டுக்குள் விடுவது எளிதல்ல. பாலூட்டும் பெண்களும் ஆடை விலகியது தெரியாமல் அசந்து தூங்கும் பெண்களும் நிறைந்த இடம் அது. அவர்கள் கேட்கும் பாதுகாப்பு நியாயமானது. ஆனால் ஒரே பாஸ், அதுவும் பெண்ணுக்கு மட்டும் என்ற விதி தாயில்லாத பிள்ளையை என்ன செய்கிறது என்று பாருங்கள். தாய் பிரசவ வார்டில் படுத்திருக்க, மூத்த குழந்தை காய்ச்சலோடு வந்தால் தந்தையைத் தவிர யார் இருக்கிறார்கள்? கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரைச்சீலை, இரண்டு பேர் பெயரில் ஒரு பாஸ், ஒரு நேரத்தில் ஒருவர், நள்ளிரவிலும் ஆள் மாறிக்கொள்ளலாம் என்ற அனுமதி ஆகியவை போதும். சென்னையில் சில அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியோடு வந்தவர்களுக்கென்று மாநகராட்சி இரவுக் காப்பகங்கள் நடத்துகிறது. மாறிக்கொள்ள முடிந்தால், ஒருவர் அங்கே போய் நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு வரலாம். மாற முடியாதவரை அந்தக் காப்பகத்தால் கட்டிலருகே இருப்பவருக்குப் பயனில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரசவித்த தாய்க்கு மருத்துவமனையிலிருக்கும் நாட்களில் உணவு தருவதை 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் உறுதி செய்கிறது. அதே தாய் இரண்டு மாதம் கழித்து நோயுற்ற குழந்தையோடு வந்தால், குழந்தைக்கு மருந்தும் பரிசோதனையும் இலவசம். பால் கொடுக்கும் தாயின் வயிற்றைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான மறுவாழ்வு மையங்களின் நெறிமுறை, தாய் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே ஏற்று, அவருக்கு உணவும், இழந்த கூலிக்கு ஈடாக ஒரு தொகையும் தரச் சொல்கிறது. ஆக, கொள்கை அளவில் அரசு இதை என்றோ ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு வகைக் குழந்தையின் தாய்க்குப் பொருந்துவது அடுத்த அறையிலிருக்கும் நிமோனியா குழந்தையின் தாய்க்கு ஏன் பொருந்தாது? கூலி ஈட்டை இன்று நான் வற்புறுத்தவில்லை. இரவு ஒரு வேளைச் சாப்பாடும், வெந்நீரும், வார்டுக்கு அருகிலேயே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் வற்புறுத்தத் தக்கவை. 2015-இல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் திறந்த மாநிலம் இது. பேருந்துக்குக் காத்திருக்கும் தாய்க்கு ஒரு நாற்காலி போட முடிந்த நமக்கு, ஐ.சி.யூ. வாசலில் பால் கட்டி மார்பு வலிக்க உட்கார்ந்திருப்பவருக்கும் ஒன்று போட முடியும்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே பதிவு செய்கிறேன். தாய் இருக்கிறாரே என்று செவிலியர் பணியிடங்களைக் காலியாகவே வைத்திருப்பதற்கு இந்த மடலை யாரும் சான்றாகக் காட்டிவிடக் கூடாது. டிரிப்ஸ் சொட்டு எண்ணுவதும், ஆக்ஸிஜன் அளவைப் பார்ப்பதும், மருந்து கொடுப்பதும், ரத்த மாதிரியை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் தாயின் வேலை அல்ல. நடுராத்திரியில் தாயின் கையில் ரத்த மாதிரியுள்ள குழாயைக் கொடுத்து லேபுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நேரத்தில் குழந்தையின் அருகே யாருமில்லை. அவர் இருக்க வேண்டிய இடம் கட்டிலின் பக்கம். அங்கிருந்து அவரை நகர்த்தும் எந்த வேலையையும் அவரிடம் கொடுக்கக் கூடாது என்பதையும் உத்தரவில் சேருங்கள்.

கடைசியாக, அவர் கூப்பிட்டும் யாரும் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், 2007-இல் மூன்று வயதுகூட நிறையாத ரயன் என்ற சிறுவன் மருத்துவமனையில் இறந்துபோனான். அவன் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொல்லிக்கொண்டே இருந்தும் அதற்கேற்ற நடவடிக்கை எடுக்கப்படவில்லை. அதன் விளைவாக அங்கே அவன் பெயராலேயே ஒரு விதி வந்தது: செவிலியரிடமும் மருத்துவரிடமும் சொல்லியும் கவலை தீராவிட்டால், குடும்பத்தினர் ஒரு குறிப்பிட்ட தொலைபேசி எண்ணை அழைத்து, வேறொரு மருத்துவர் வந்து பார்க்கும்படி கோரலாம். இங்கிலாந்தும் 2024 முதல் இதுபோன்ற ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. நம் வார்டில் ஒரு தாய் இரண்டாம் முறை மேசைக்கு வந்தால், "உன் பிள்ளை ஒண்ணுதான் இருக்கா இங்க?" என்று கேட்கிறோம். கேட்பவர் கொடியவர் அல்லர். பன்னிரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருப்பவர். ஆகவே இதை அவருடைய குணத்துக்கு விட்டுவிடாமல் விதியாக்க வேண்டும். வார்டுச் சுவரில் பெரிய எழுத்தில் ஐந்தாறு அபாய அறிகுறிகளையும், அவற்றைக் கண்டால் கூப்பிட வேண்டிய எண்ணையும் எழுதி வைக்கலாம். மூச்சு வேகம், கை கால் குளிர்தல், சிறுநீர் நின்றுபோதல், ஓயாத வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழாமை. இவற்றை அனுமதிக்கும்போதே செவிலியர் ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால், மணிக்கு ஒருமுறை வரும் எங்களைவிடக் கூர்மையாக அவர்கள் பார்ப்பார்கள்.

நான் கேட்டவற்றில் செலவுள்ளவை மடக்குக் கட்டில், திரைச்சீலை, கழிப்பறை, ஒரு வேளை உணவு ஆகியவை மட்டுமே. அவற்றுக்கு நிதி ஒதுக்கீடும் அரசாணையும் வேண்டியிருக்கலாம், காலம் எடுக்கலாம். ரவுண்ட்ஸின்போது ஒருவரை உள்ளே இருக்க விடுவதற்கும், இரண்டு பெயரில் பாஸ் கொடுப்பதற்கும், ஐ.சி.யூ. கதவை இரவில் திறப்பதற்கும், சுவரில் ஒரு எண்ணை எழுதுவதற்கும் மருத்துவமனை முதல்வரின் கையெழுத்து ஒன்றே போதும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வார்டுகள் நிரம்பிவிடும். அப்போது புதிய நடைமுறை எதையும் யாராலும் கொண்டுவர முடியாது என்பது அங்கே வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரியும். இந்தக் கையெழுத்தையாவது செப்டம்பருக்குள் போட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்